பத்தொன்பது பேரும் ஒரு போனும்

சென்ற வாரம் நம் நூலகக்காரியை நிம்மதியாகத் தூங்க வைத்துவிட்டு வந்தோம். யார் கண் பட்டதோ, அந்த நிம்மதி நாலு நாள்கூடத் தாங்கவில்லை.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அவள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நூலகர். புத்தகத்துக்கு எண் ஒட்டுவதும், திரும்பி வராத புத்தகத்துக்காகத் தொண்டை வறளக் கத்துவதும்தான் அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை. ஆனால் கடைசி வகுப்புப் பிள்ளைகளை அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வைக்கும் பாரத்தையும் ஆறு வருஷமாகத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். யாரும் கேட்கவில்லை, இவளாகத்தான்.

"உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்று வீட்டில் கேட்க ஒரே ஒரு ஆள் உண்டு. நகரப் பேருந்து ஓட்டும் புருஷன். அவருக்கென்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

"ஊரார் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்."

அவளிடம் ஒரு நீலத் தாள் உண்டு. பதினாலு கேள்விகள். ஒவ்வொரு பிள்ளையையும் எதிரில் உட்காரவைத்து, அரைமணி நேரம் கேட்டு, பதிலைத் தன் கையாலேயே எழுதிக்கொள்வாள். எந்தப் படிப்பு, எந்த வளாகம், வீட்டிலிருந்தா விடுதியிலிருந்தா என்பதெல்லாம் அந்தத் தாளிலிருந்துதான் முடிவாகும். முதல் கேள்வி, "யாரும் சொல்லாமலே நீ செய்யற வேலை எது?" என்பது. இந்தக் கேள்விக்கு அழுத பிள்ளைகள் உண்டு.

இந்த வருஷம் அவளுடைய ஒரே மகளும் அதே பள்ளியில் கடைசி வகுப்பு. மகளின் தாளை மட்டும், ஒரு விடுமுறை நாளில் துணி காய்வதற்குள் அவளே எழுதி முடித்துவிட்டாள். பெற்றவளுக்குத் தெரியாததா? கட்டுமானப் பொறியியல், மூன்று மணி நேரத் தூரத்தில் பெரிய வளாகம், விடுதி. எழுதிவிட்டுத் துணியை மடித்தாள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். விண்ணப்பம் போட்ட வாரம் அவளுடைய போன் மாடிப்படியில் உருண்டு உயிரை விட்டிருந்தது. வீட்டில் போன் இல்லாத, இருந்தாலும் மாதத்துக்கொரு எண் மாற்றும் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு அவள் கொடுத்தது தன் புருஷனுடைய எண்ணை. மகளோடு சேர்த்துப் பத்தொன்பது.

இனி வியாழக்கிழமைக்குப் போவோம்.

மத்தியானம் பன்னிரண்டாக இன்னும் பத்து நிமிஷம். பிள்ளைகள் 'கண்ணாடி' என்று கூப்பிடும் மாணவி நூலகத்துக்குள் மூச்சிரைக்க வந்தாள்.

"மிஸ், எங்களுக்கெல்லாம் கன்ஃபர்ம் பண்ணிட்டீங்கல்ல?"

"எதைடி?"

"சீட்டை மிஸ். இன்னிக்கு அஞ்சு மணிக்கு முடியுதாம். எம் பக்கத்துல உக்காருறவ நேத்தே வீட்ல பண்ணிட்டா. போனுக்கு மெசேஜ் வந்துச்சாம்."

"அடுத்த வாரம்தானே கடைசி நாள்?"

"முன்னாடி தள்ளிட்டாங்களாம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு யாரும் சொல்லல மிஸ்."

நூலகக்காரியின் கையிலிருந்த பசைப் புட்டி மேசையில் உருண்டது. அதை நிமிர்த்தக்கூடத் தோன்றாமல் கணினியைத் திறந்தாள். அறிவிப்பு அங்கேதான் இருந்தது, செவ்வாய்க்கிழமைத் தேதியோடு. ஒதுக்கப்பட்ட இடத்தை இன்று மாலை ஐந்துக்குள் உறுதி செய்ய வேண்டும். பதிவு செய்த போனுக்கு ஆறு இலக்க எண் வரும். அது பத்து நிமிஷம்தான் செல்லும். உறுதி செய்யாத இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். பதிவு செய்த எண்ணை மாற்ற மூன்று வேலை நாள் ஆகும்.

பதிவு செய்த போன் இப்போது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

பேருந்தில், ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே, ஒரு தகரப் பெட்டிக்குள், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. போன மாதம் ஒரு ஓட்டுநர் சிக்னலில் போனைப் பார்த்தது கேமராவில் விழுந்து, ஒரு மாதம் வேலையை விட்டு நிறுத்திவைத்தார்கள். அன்றிலிருந்து நம்மவர் போனைத் தொடுவது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகுதான்.

பணிமனைக்குப் போன் போட்டாள். உடைந்ததற்குப் பதிலாக இப்போது அவள் கையில் இருப்பது ஒரு பழைய பட்டன் போன். நேரக் காப்பாளர் கொட்டாவியோடு எடுத்தார்.

"நாப்பத்தேழாம் நம்பரா? இப்பத்தாம்மா உங்க ஸ்கூல் பக்கம் தாண்டியிருக்கும்."

செருப்புகூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். தெருமுனையில் அவள் பார்த்தது நாற்பத்தேழின் முதுகைத்தான். கையை ஆட்டினாள், கத்தினாள். அது வளைந்து போய்விட்டது. பதினேழு வருஷமாக அந்த மனுஷன் கண்ணாடியில் பின்னால் பார்த்து ஓட்டுகிறவர், இன்றைக்குப் பார்த்துப் பார்க்கவில்லை.

"எப்ப திரும்பி வரும்?" என்று மறுபடி பணிமனையைக் கேட்டாள்.

"குழாய் போட ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க. எந்த வழியா சுத்துவார்னு எனக்கே தெரியாது. ஆஸ்பத்திரி ஸ்டாப்புக்கு மூணே முக்கால்னு வச்சுக்கோங்க. வண்டி ஓட்டுறவரை நாங்க கூப்பிடக் கூடாது, ரூல்ஸ்."

கணினி அறைக்கு வந்தபோது பதினெட்டுப் பேரும் அங்கே இருந்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. 'ரெட்டைவால்' என்று பேர் வாங்கிய பையன்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். 'நெட்டை' அவள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளியை முடிக்கப் போகிறவள். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு நீலத் தாள் நூலகக்காரிக்கு மனப்பாடம். எல்லாவற்றையும் தன் கையாலேயே குழியில் தள்ளிவிட்டோமே என்று பட்டது.

"தப்பு என்னோடது," என்றாள்.

மகள்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை.

"நீ ஆஸ்பத்திரி ஸ்டாப்புக்குப் போம்மா. அப்பாகிட்ட போனை வாங்கிட்டு இந்த ரூம் போனுக்குக் கூப்பிடு. நான் ஒவ்வொருத்தருக்கா பட்டனை அமுக்குறேன். வர்ற நம்பரை நீ படி, நான் அடிக்கிறேன்."

"உன்னோடத முதல்ல போட்டுடலாம்டி."

"என்னோடது கடைசியா இருக்கட்டும்மா."

நூலகக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. நம் வயிற்றில் பிறந்ததற்கு இத்தனை பெரிய மனசா என்று பெருமைப்பட்டுக்கொண்டே ஓடினாள். முகம் ஏன் அவ்வளவு வெளுத்திருக்கிறது என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அவள் நின்ற மாதிரி யாரும் நிற்க வேண்டாம். இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை. ஒவ்வொரு பேருந்தின் தலையிலும் எண்ணைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று. மூன்றே முக்கால் வந்தது, பேருந்து வரவில்லை. மூன்று ஐம்பதுக்கு நாற்பத்தேழு ஆடி அசைந்து வந்து நின்றதும் முன்படியில் தொற்றி ஏறினாள்.

"என்னாச்சு? பாப்பாவுக்கு என்ன?" புருஷன் பாதி எழுந்துவிட்டார். நேரங்கெட்ட நேரத்தில் பெண்டாட்டி வழியில் நின்றால் எந்த மனுஷனுக்கும் அதுதான் தோன்றும்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல. போனை எடுங்க."

"இங்கயா?" அவர் கண் மேலே இருந்த கேமராவுக்குப் போயிற்று.

"பத்தொன்பது பிள்ளைங்க சீட்டு அதுலதான் இருக்கு. அஞ்சு மணிக்குள்ள முடிக்கலன்னா எல்லாம் போச்சுங்க."

அவர் ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தார். பயணிகள் முணுமுணுத்தார்கள். அப்புறம் குனிந்தார். தகரப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

போன் உயிர் பெற்றபோது மின்சாரம் மூன்று சதவீதம். அந்தக் கிழட்டு போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஒரே வழி ஓட்டுநர் பக்கத்திலிருந்த துளை. கம்பியோ ஒரு முழம். ஆகவே நூலகக்காரி 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்ற பலகைக்கு நேர் கீழே, முதல் இருக்கையின் நுனியில் உட்கார்ந்தாள். ஒரு கையில் புருஷன் போன், ஒரு கையில் பட்டன் போன், மடியில் பேர்ப் பட்டியல்.

"செவ்வாய்க்கிழம ஒரே மாதிரி இத்தனை மெசேஜ் வந்துருக்கே, நீங்க பாக்கலையா?"

"பாத்தேன். எவனோ விளம்பரம் அனுப்பித் தொல்ல பண்றான்னு நெனச்சேன்," என்றார் சாலையைப் பார்த்தபடி.

சண்டை போட அது நேரமில்லை. பட்டன் போனில் மகளைக் கூப்பிட்டாள்.

"கண்ணாடிக்கு அமுக்கிட்டேன்மா."

போன் அதிர்ந்தது. நூலகக்காரி ஒவ்வொரு இலக்கமாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற நிதானத்தில் படித்தாள். மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. இணையதளம் மெதுவாக ஊர்ந்தது. அதன் பிறகு யாரோ ஒரு பெண்பிள்ளை வாய்விட்டு அழும் சத்தம்.

"ஆயிடுச்சாடி?"

"ஆயிடுச்சும்மா. சந்தோஷத்துல அழறா. அடுத்தது நெட்டை."

நான்கு பத்துக்கு ஆறு பேர். பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, கம்பி கழன்றது. திரை மங்கியது. அவள் அவசரமாக மறுபடி செருகினாள். எதிர் இருக்கைப் பெரியவர் முதலில் பலகையைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தார். பாதி விஷயம் காதில் விழுந்ததும் எழுந்து வந்து கம்பியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நான் பிடிச்சுக்கிறேன், நீ படிம்மா," என்றார். அதற்கப்புறம் அவருடைய நிறுத்தம் வந்தும் இறங்கவில்லை.

பதினோராவது ஆளில்தான் விபரீதம். போன் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை அதிர்ந்தது. இரண்டு எண்கள். எது யாருடையது என்று எந்தக் குறிப்பும் இல்லை.

"ரெண்டு வந்துருக்குடி! எதைப் படிக்கிறது?"

மறுமுனையில் குழப்பம். பொறுமை தாங்காமல் ரெட்டைவால் பக்கத்துக் கணினியில் தன்னுடையதையும் அமுக்கிவிட்டான். நூலகக்காரி மேலே இருந்த எண்ணைப் படித்தாள். விசைகள் தட்டும் சத்தம்.

"தப்புன்னு வருதும்மா. இன்னொரு தடவதான் அடிக்க முடியும். அப்புறம் பூட்டிக்கும்."

ஒரு பிள்ளையின் நாலு வருஷப் படிப்பு இந்த ஆறு எண்ணில் தொங்குகிறது. மறுபடி ஒரு தப்புச் செய்தால் அந்தப் பிள்ளையின் அம்மா முகத்தில் எப்படி முழிப்பாள்?

"அம்மா, பயப்படாத. மூச்சு விடு," என்றாள் மகள். "ரெண்டுல ஒண்ணு தப்புன்னா இன்னொண்ணுதானே இவளோடது? அதைப் படி. தப்புன்னு சொன்னது ரெட்டைவாலோடது, அதை அவனுக்கு அடிச்சுக்கிறேன்."

சரியாக இருந்தது. இரண்டும் ஏறிக்கொண்டன. இந்தப் பதினேழு வயசில் இத்தனை நிதானம் எங்கிருந்து வந்தது என்று நூலகக்காரி வியந்தாள். நம்மைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று முடிவுக்கும் வந்துவிட்டாள். அம்மாமார்களுக்கு இதில் யோசனையே தேவைப்படுவதில்லை.

நான்கு நாற்பத்துநாலுக்குப் பதினெட்டாவது பேரைப் பட்டியலில் அடித்தாள். பெரியவர் கைதட்டினார். பின்னால் இருந்த இரண்டு மூன்று பேரும் எதற்கென்று தெரியாமலே தட்டினார்கள். புருஷன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

"இப்ப உன்னோடது," என்றாள் நூலகக்காரி. "அமுக்குடி. பதினாறு நிமிஷம் இருக்கு, தாராளம்."

போன் அதிரவில்லை.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். எனக்கு நம்பர் வராதும்மா."

"ஏன், சைட் படுத்துடுச்சா?"

"என் அப்ளிகேஷனை நான் வாபஸ் வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழம."

பேருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவளுக்கு மட்டும் எல்லாம் நின்றுபோன மாதிரி இருந்தது. புருஷன் போனில் விரலை மேலே ஓட்டினாள். செவ்வாய்க்கிழமையைத் தாண்டி, திங்களைத் தாண்டி, ஞாயிறு காலை ஆறு நாற்பது. ஒரு ஆறு இலக்க எண். 'விண்ணப்பத்தைத் திரும்பப் பெற' என்று தெளிவாக எழுதியிருந்தது. அதைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் அல்லவா?

நிமிர்ந்து பேருந்துக் கண்ணாடியைப் பார்த்து, "ஞாயித்துக்கிழம பாப்பாவுக்கு ஒரு நம்பர் படிச்சுச் சொன்னீங்களா?" என்றாள். அங்கே சிரிப்பு இல்லை.

"ஒரு நம்பர் வந்துருக்கும் படிங்கப்பான்னா," என்றார் அவர், பலகையையும் கேமராவையும் மறந்து. "நம்பரை மட்டும்தான் பாத்தேன். என்னம்மா ஆச்சு?"

நூலகக்காரி பட்டன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வாபஸ் வாங்கினத அஞ்சு மணிக்குள்ள திருப்பி எடுத்துக்கலாம். ரூல்ஸ் புக்ல ஆறாவது பக்கத்துல போட்டுருக்கான். எடு. உடனே அமுக்கு."

"ஏன் வாங்கினேன்னு கேக்க மாட்டியா?"

"கேக்க இப்ப நேரம் இருக்காடி!"

"எனக்குன்னா என்னிக்குமே நேரம் இருந்ததில்ல." மகள் கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "இந்த ரூம்ல இருக்கிற பதினெட்டுப் பேரையும் உக்கார வச்சு அரை மணி நேரம் கேட்டியேம்மா. நான் வெளியில பெஞ்சுல உக்காந்து என் முறை வரும் வரும்னு பாத்தேன். என் தாளை நீயே எழுதி வச்சிருந்த."

தன் பிள்ளை தானே வளரும் என்று ஆறு வருஷமாகச் சொன்னாளே, அப்படியேதான் வளர்ந்திருக்கிறது, யாரும் பக்கத்தில் இல்லாமல்.

நான்கு ஐம்பது.

அமுக்கு என்று இன்னொரு தடவை சொல்லலாம். அழலாம், மிரட்டலாம், சத்தியம் வாங்கலாம். அம்மா சொன்னால் அமுக்கிவிடுகிற பெண்தான் அது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இந்தப் பத்து நிமிஷத்தைக் கேள்வியில் தொலைத்தால் இடமும் போய்விடும். கேட்காமல் விட்டால் பிள்ளையே போய்விடும் என்று இன்னொரு பயம், அதைவிடப் பெரிதாக எழுந்தது.

பட்டியலைத் திருப்பி, வெறும் பக்கத்தில் பேனாவை வைத்தாள்.

"முதல் கேள்வி," என்றாள். குரல் உடைந்திருந்தது. "யாரும் சொல்லாமலே நீ செய்யற வேலை எது?"

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. பதினெட்டுப் பேரும் அங்கே வாயைத் திறக்காமல் நிற்கிறார்கள் என்பது அவளுக்கு இங்கே தெரிந்தது.

"பயப்படறது," என்றாள் மகள். "யாரும் சொல்லாமலே நான் தினம் பண்ற ஒரே வேலை அதாம்மா. எழுதிக்கிட்டியா?"

அவள் எழுதிக்கொண்டாள். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

"எனக்கும் அதே வேலைதாண்டி. காலையிலேருந்து அது ஒண்ணத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

மகள் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா என்று தெரியவில்லை.

"எதுக்குடி பயம்? விடுதிக்கா? அவ்வளவு தூரம் தனியா போறதுக்கா?"

"அது நாலாவது கேள்விம்மா. ரெண்டாவதை முதல்ல கேளு. வரிசையாத்தான் கேப்ப நீ, எல்லாரையும்."

நான்கு ஐம்பத்துமூன்று. பெரியவர் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பேருந்து எந்த நிறுத்தமும் இல்லாத இடத்தில் ஓரமாக ஒதுங்கி நின்றது. கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பதினேழு வருஷத்தில் முதல் முறையாக, ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து வந்து பெண்டாட்டியின் பக்கத்தில் நின்றார்.

அவர் போன் அவள் மடியில் அசைவில்லாமல் கிடந்தது. அவள் அதைப் பார்க்காமல் இரண்டாவது கேள்வியைக் கேட்டாள்.